ரோபோட்டிக் டோட்டல் ஸ்டேஷன் இருந்தால் சர்வேக்கு ஒரே ஆள் போதுமா?

கேள்வி கேட்டவர் சிவில் டிப்ளமோ முடித்துவிட்டு மூன்று வருடமாகச் சாதாரண டோட்டல் ஸ்டேஷனில், அதாவது கோணமும் தூரமும் அளக்கும் சர்வே கருவியில், வேலை பார்ப்பவர். அவர் கேட்டது இது: “ரோபோட்டிக் என்கிறார்களே, அதில் ரோபோ எங்கே இருக்கிறது? ஒரே ஆளை வைத்து அளக்கலாம் என்பது உண்மையா? துல்லியம் கூடுமா? கடைசியில் எங்கள் பிழைப்பில் மண்ணைப் போடுமா?”

பெயரிலிருந்தே தொடங்குகிறேன். கை கால் முளைத்த எதையாவது எதிர்பார்த்துப் போனால் ஏமாந்துதான் போவீர்கள். முக்காலி மேல் உட்கார்ந்திருப்பது உங்களுக்குப் பழக்கமான அதே டோட்டல் ஸ்டேஷன். கிடைமட்டக் கோணம், செங்குத்துக் கோணம், சாய்வுத் தூரம் என்று அது அளப்பதும் அதே மூன்றுதான். கூடுதலாக உள்ளே இருப்பவை: கருவியைத் தானாகத் திருப்பும் மோட்டார்கள், அளக்க வேண்டிய இடத்தில் பிடிக்கும் பிரதிபலிப்புக் கண்ணாடியான பிரிசத்தைத் தேடிப் பிடித்துப் பின்தொடரும் ஒரு கேமரா, தூரத்தில் நின்றபடியே கட்டளையிட ஒரு ரேடியோ இணைப்பு. திருகைத் திருப்பிக் குறிபார்க்கும் வேலை கருவியிடம் போய்விட்டது. பெயர்க்காரணம் அவ்வளவுதான்.

இதைப் புதுச் சரக்கு என்றும் நினைக்க வேண்டாம். ஸ்வீடனின் ஜியோட்ரோனிக்ஸ் நிறுவனம் ஜியோடிமீட்டர் சிஸ்டம் 4000 என்ற பெயரில் முதல் ரோபோட்டிக் டோட்டல் ஸ்டேஷனைக் கொண்டுவந்தது 1990-ல். ஒளியை வைத்துத் தூரம் அளக்கும் ஜியோடிமீட்டரை 1940-களில் உருவாக்கிய எரிக் பெர்க்ஸ்ட்ராண்டும் அதே ஸ்வீடன்காரர்தான். ரோபோட்டிக் கருவியை அந்தக் குடும்பத்தின் பேரப்பிள்ளை என்று சொல்லலாம்.

அந்தக் கருவி மாற்றியது ஆள் எண்ணிக்கையை மட்டும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது வேறு. பழைய ஏற்பாட்டை யோசித்துப் பாருங்கள். சர்வேயர் கருவியிடம் நிற்பார், ஹெல்பர் பிரிசம் மாட்டிய கம்பை, அதாவது போலை, தூக்கிக்கொண்டு நடப்பார். ஆனால் எந்த இடத்தில் அளப்பது என்று முடிவுசெய்பவர் யார்? போல் பிடித்தவர். வாய்க்கால் கரையின் மேல் விளிம்பா, அடி விளிம்பா, சுவரில் பூச்சு முகமா, செங்கல் முகமா என்பதெல்லாம் அவர் காலடியில் தீர்மானமாகும் விஷயங்கள். 150 மீட்டருக்கு அப்பால் லென்ஸ் வழியாகப் பார்க்கும் சர்வேயருக்குத் தெரிவது பிரிசத்தின் நடுப்புள்ளி மட்டும். மற்றதெல்லாம் வாக்கி டாக்கியில் கத்திக்கொள்வதோடு சரி. ரோபோட்டிக் வந்தபின் விஷயம் தெரிந்தவர் போலிடம் வந்துவிட்டார். எதை அளக்கிறோம் என்று பார்த்து அளக்கிறார். மாலையில் வரைபடம் போடும்போது “இந்தப் புள்ளி என்ன?” என்ற விசாரணை பாதியாகக் குறைந்துவிடும்.

இனி அது பிரிசத்தை எப்படிப் பிடிக்கிறது என்று பார்ப்போம். தொலைநோக்கியின் அச்சிலேயே கண்ணுக்குத் தெரியாத ஒரு கற்றை வெளியே போகிறது. பிரிசம் என்பது மூன்று முகங்கள் ஒன்றுக்கொன்று செங்குத்தாகச் சந்திக்கும் ஒரு கண்ணாடி மூலை. உள்ளே வந்த ஒளியை வந்த திசைக்கே திருப்பி அனுப்புவது அதன் குணம். 1969-ல் அப்பல்லோ 11 வீரர்கள் நிலவில் வைத்துவிட்டு வந்த பலகையிலும் இதே மாதிரி மூலைகள் 100 இருக்கின்றன. பூமியிலிருந்து அதன்மேல் லேசர் அடித்து நிலவின் தூரத்தை இன்றைக்கும் அளக்கிறார்கள். உங்கள் போல் நுனியில் இருப்பது அதன் தம்பி.

திரும்பி வந்த ஒளி கருவிக்குள் இருக்கும் கேமரா சில்லின் மேல் ஒரு வெளிச்சப் பொட்டாக விழும். பொட்டு நடுவிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று கணக்கிட்டு, மோட்டாரை அந்தப் பக்கம் திருப்பும். பிரிசம் நகர நகர இந்தக் கணக்கும் விடாமல் ஓடிக்கொண்டிருக்கும். ஒரு வேடிக்கை சொல்கிறேன். லாக் ஆன, அதாவது பிரிசத்தைப் பிடித்துக்கொண்ட, கருவியின் லென்ஸில் கண்ணை வைத்துப் பாருங்கள். குறுக்குக்கம்பி பிரிசத்தின் நடுவில் கச்சிதமாக இருக்காது, ஒரு மயிரிழை தள்ளி நிற்கும். முதல்முறை பார்ப்பவர்கள் கருவி பழுது என்று பதறுவார்கள். பழுதெல்லாம் இல்லை. துல்லியமாக நடுவுக்குக் கொண்டுபோக மோட்டாரை ஆட்டிக்கொண்டிருந்தால் நேரம் போகும் என்பதால், மிச்ச விலகலைக் கேமராவிலேயே அளந்து கோணத்தில் சேர்த்துவிடுகிறது. திரையில் வரும் கோணம் பிரிசத்தின் நடுவுக்கான கோணம்தான்.

நடுவில் ஒரு லாரி குறுக்கே வந்தால்? பிரிசம் கடைசியாகப் போய்க்கொண்டிருந்த திசையையும் வேகத்தையும் வைத்து, சில விநாடிகள் ஊகத்திலேயே திரும்பிக்கொண்டிருக்கும். அப்படியும் அகப்படாவிட்டால், மேலிருந்து கீழாக விசிறிபோல் விரிந்த ஒரு கற்றையை வீசிக்கொண்டு சுற்றித் தேடும். விநாடிக்கு 180 பாகை வேகத்தில் திரும்பும் கருவிகள் உண்டு என்பதால் தேடல் சட்டென்று முடிந்துவிடும்.

ஒரே ஆள் போதுமா என்பதற்கு, வரைபடத்தில் உள்ள புள்ளிகளைத் தரையில் குறிக்கும் மார்க்கிங் வேலையில் நடப்பதைப் பார்த்தால் பதில் தெரியும். தூணுக்கான ஆங்கர் போல்ட் இடத்தைக் குறிக்க வேண்டும் என்று வையுங்கள். போலில் மாட்டிய டேப்லெட் “முன்னால் 1.240, இடது 0.315” என்று மீட்டரில் காட்டும். நடக்கிறீர்கள். எண் குறைகிறது. 0.04-க்குள் வந்ததும் போல் முனையைத் தரையில் ஊன்றி, போல் நேராக நிற்கிறதா என்று காட்டும் குமிழில் ஒரு கண்ணும் திரையில் ஒரு கண்ணுமாக நிற்பீர்கள். முன்னால் 0.012. முனையைச் சுண்டுவிரல் அகலம் நகர்த்தினால் 0.003. பென்சிலால் ஒரு சிலுவை, மறுபடி வைத்துப் பார்த்து உறுதிசெய்து, அடுத்த புள்ளி. பழைய முறையில் இதே இடத்தில் “ரைட்ல வா, ரைட்ல வா, நில்லு, கொஞ்சம் லெஃப்ட்” என்று தொண்டை வறண்டிருக்கும். ஆகவே கணிசமான மார்க்கிங் வேலைக்கும், திறந்தவெளி விவர அளவைக்கும் ஒரே ஆள் போதும் என்பது உண்மை. ஆனால் ஆள் நடமாட்டமுள்ள சாலையோரத்தில் விலை கூடிய கருவியைத் தனியே நிற்கவைத்துவிட்டு 300 மீட்டர் தள்ளிப் போக எனக்கு மனம் வராது. திருட்டு ஒரு பயம், யாராவது காலால் தட்டிவிடுவது அதைவிடப் பெரிய பயம். அங்கே இரண்டாவது ஆள் கருவிக்குக் காவல் நிற்பார். அதைச் சம்பளச் செலவு என்று பார்க்காதீர்கள்.

துல்லியம் கூடுமா? இந்தக் கேள்விக்குத்தான் விற்பனையாளரும் நானும் வேறு வேறு பதில் சொல்வோம். கோணத் துல்லியம் 1 செகண்ட், 2 செகண்ட், 5 செகண்ட் என்று கருவியின் தரத்தைப் பொறுத்தது (இந்தச் செகண்ட் நேரமல்ல, ஒரு பாகையில் 3600-ல் ஒரு பங்கு). மோட்டார் இருப்பதாலேயே அது மாறிவிடாது. 5 செகண்ட் என்பது 100 மீட்டரில் சுமார் 2.4 மி.மீ. ரோபோவில் கூடுவது ஒரே சீரான தன்மை. சாயங்காலம் நான்கு மணிக்கு உங்கள் கண் எரியும், அதன் கண் எரியாது. 400-வது புள்ளியையும் முதல் புள்ளிபோலவே குறிபார்க்கும். ஒரே புள்ளியை நேராக ஒரு முறை, தொலைநோக்கியைப் புரட்டி ஒரு முறை என்று இரண்டு முகத்திலும் அளந்து சராசரி எடுப்பது கையால் செய்யும்போது எரிச்சலான வேலை. இதுவோ ஒரு பொத்தானில் தானாகப் புரண்டு அளந்துவிடும். அதனால் நல்ல பழக்கங்களைக் கடைப்பிடிப்பது சுலபமாகிறது, அவ்வளவே.

பிழை எங்கே ஒளிந்திருக்கிறது என்று கேட்டால், நான் முதலில் போலைக் காட்டுவேன். போல்களில் பரவலாக இருக்கும் வட்டக் குமிழின் நுண்மை 8 நிமிடம் (ஒரு பாகையில் 60-ல் ஒரு பங்குதான் இந்த நிமிடம்). 2 மீட்டர் உயரப் போல் 8 நிமிடம் சாய்ந்தால் பிரிசம் 4.7 மி.மீ. தள்ளிப்போகும். 1 பாகை சாய்ந்தால் 35 மி.மீ. கருவி 1 செகண்டாக இருந்து என்ன பயன்? குமிழைச் சரிபார்க்காத போலோடு அந்தக் கருவியைச் சேர்ப்பது, தங்கத் தராசில் கைவிரலை வைத்து எடைபோடுவது மாதிரி. சாய்வைத் தானே கணக்கிட்டுத் திருத்தும் உணரியைப் போலில் பொருத்தும் வழி இப்போது வந்திருக்கிறது. லெய்கா 2022-ல் வெளியிட்ட ஏபி20 அந்த வகை. மூலை முடுக்குகளில் போலை நிமிர்த்த முடியாத இடத்தில் அது நிஜமாகவே உதவுகிறது.

அடுத்தது பிரிசம் மாறிலி, அதாவது பிரிசத்தின் அமைப்புக்காகத் தூரத்தில் செய்ய வேண்டிய திருத்தம். ஒரு நிறுவனத்தின் வட்டப் பிரிசத்துக்கு 34.4 மி.மீ., வேறு பலரின் பிரிசத்துக்கு 30 மி.மீ. என்று கணக்கு வேறுபடும். பெட்டியில் பழைய பிரிசம் ஒன்று, புதுப் பிரிசம் ஒன்று என்று கலந்து கிடந்தால், ஒவ்வொரு தூரத்திலும் 4.4 மி.மீ. பிழை அலுங்காமல் உட்கார்ந்திருக்கும். எல்லாப் புள்ளியிலும் ஒரே மாதிரி இருப்பதால் சந்தேகமும் வராது. ரோபோவோடு நாம் பெரும்பாலும் பயன்படுத்துவது 360 பாகைப் பிரிசம். அது ஆறு சிறு பிரிசங்களை வட்டமாக ஒட்டிய உருண்டை. இரண்டுக்கும் நடுவிலான ஓரம் கருவியைப் பார்த்து நின்றால் சில மி.மீ. ஆடும். நுண்ணிய வேலையில் அம்புக்குறி உள்ள முகத்தைக் கருவியின் பக்கம் திருப்பிப் பிடிக்கச் சொல்வது இதற்காகத்தான்.

வெப்பநிலையையும் ஏனோதானோ என்று விட்டுவிடாதீர்கள். 1 செல்சியஸ் மாறினால் தூரத்தில் ஏறக்குறைய பத்து லட்சத்தில் ஒரு பங்கு மாறும். 12 செல்சியஸ் என்று நிறுவனம் வைத்து அனுப்பிய எண்ணை அப்படியே விட்டுவிட்டு 35 செல்சியஸ் வெயிலில் 500 மீட்டர் அளந்தால் சுமார் 11 மி.மீ. போச்சு. கையால் திருப்பும் கருவியிலும் இதே கதைதான். ரோபோ வேகமாக அளப்பதால் அதே தவறை ஒரு நாளில் ஆயிரம் முறை செய்துவிடலாம்.

என் சொந்த அனுபவம் ஒன்று. மதிய வெயிலில் தார் ரோட்டின் ஓரத்தில் முக்காலியை ஊன்றினேன். பேக்சைட் பார்த்து, அதாவது இடம் தெரிந்த ஒரு புள்ளியைக் குறிபார்த்துக் கருவியின் திசையைச் சரிசெய்து, எல்லாம் சரி என்று போலை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். வேலை வழுக்கிக்கொண்டு போனது. கருவிப் பக்கம் திரும்பிப் பார்க்கவே இல்லை. இரண்டு மணி நேரம் கழித்து, சாப்பிடப் போவதற்கு முன் ஏதோ தோன்றி பேக்சைட்டை மறுபடி அளந்தேன். 12 செகண்ட் மாறியிருந்தது. முக்காலியின் ஒரு கால் இளகிய தாரில் நெல்மணி ஆழம் அமுங்கியிருந்தது. சாய்வைக் கருவியின் காம்பென்சேட்டர் சரிசெய்துகொண்டே வந்ததால் எச்சரிக்கை எதுவும் வரவில்லை. ஆனால் முக்காலித் தலை லேசாகத் திருகிக்கொண்டதை அதனால் கண்டுபிடிக்க முடியாது. 12 செகண்ட் என்றால் 150 மீட்டரில் கிட்டத்தட்ட 9 மி.மீ. எந்தப் புள்ளியிலிருந்து தவறு தொடங்கியது என்று தெரியாததால், வைத்த 60 புள்ளிகளையும் மறுபடி வைத்தேன். கருவியிடம் ஆள் நின்ற காலத்தில் அவர் ஷூ நுனியிலேயே அந்த அமுங்கல் தெரிந்திருக்கும். அன்றிலிருந்து அரை மணிக்கு ஒரு பேக்சைட். போலிடம் நின்றபடியே ஒரு பொத்தானை அழுத்தினால் கருவி தானே திரும்பிப் பார்த்துவிட்டு வருகிறது. இதற்குமா சோம்பல்?

இன்னொரு தொல்லை, தவறான பொருளைப் பிடித்துக்கொள்வது. வேலைத்தளத்தில் எல்லோரும் போட்டிருக்கும் பளபளக்கும் பட்டை வைத்த மேலங்கி, சாலைப் பலகை, நிறுத்திய வண்டியின் பின்விளக்கு எல்லாமே ஒளியைத் திருப்பி அனுப்பும். லாக் போனபின் தேடும் கருவி கான்கிரீட் ஊற்றுபவரின் முதுகைப் பிடித்துக்கொண்டு அவர் போகும் இடமெல்லாம் விசுவாசமாகத் திரும்பும். பார்க்கச் சிரிப்பாக இருக்கும், புள்ளியைப் பதிவுசெய்துவிட்டால் சிரிப்பு வராது. ஒரே தளத்தில் இரண்டு மூன்று குழுக்கள் இருந்தால் அடுத்தவர் பிரிசத்தையும் பிடிக்கும். பிரிசத்தோடு அடையாளச் சமிக்ஞை அனுப்பும் விளக்குகளை வைத்த வகை இதற்கு மருந்து. அது இல்லாவிட்டால், தேடும் எல்லையைத் திரையில் ஒரு சட்டமாகக் குறுக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தத் தொழில்நுட்பம் நிஜமாக மனிதனை மிஞ்சும் இடம் கண்காணிப்பு வேலை. நகரத்துக்கு அடியில் சுரங்கப்பாதை தோண்டும்போது மேலே உள்ள கட்டடம் எவ்வளவு இறங்குகிறது, அணையின் முகம் நீர்மட்டத்தோடு எப்படி அசைகிறது என்பதை இரவு பகலாகப் பார்க்க வேண்டும். சுவரில் ஆணியடித்த மாதிரி ஒரு தாங்கியில் ரோபோவை நிறுத்தி, சுற்றிலும் பல பத்துப் பிரிசங்களை ஒட்டிவிட்டால், மணிக்கு ஒரு முறை எல்லாவற்றையும் இரண்டு முகத்திலும் அளந்து அனுப்பிக்கொண்டே இருக்கும். எந்த மனிதனையும் அதிகாலை மூன்று மணிக்கு அப்படி நிற்கவைக்க முடியாது. ஆனால் அசையாத இடத்தில் சில ஆதாரப் பிரிசங்கள் இருந்தே ஆக வேண்டும். ரோபோ நிற்கும் சுவரே இறங்கினால், அதன் கணக்கில் ஊரே ஏறுவதாகத் தெரியும். அப்புறம் சிலந்தி. பிரிசத்தின் முகத்தில் வலை கட்டிவிட்டால் அளவு வராது. கோடிக்கணக்கில் செலவாகும் திட்டத்திலும் யாரோ ஒருவர் ஏணியில் ஏறித் துணியால் துடைத்துவிட்டுத்தான் வர வேண்டும்.

சுரங்கத்துக்குள் துளையிடும் ராட்சத இயந்திரத்துக்கு வழிகாட்டுவதும் இதே கருவிதான். பின்னால் சுவரில் நிற்கும் ரோபோ, இயந்திரத்தில் பொருத்திய இலக்கை விடாமல் அளந்து, ஓட்டுநரின் திரையில் “இவ்வளவு மேலே, இவ்வளவு வலப்புறம்” என்று காட்டிக்கொண்டிருக்கும். 57 கி.மீ. நீளமுள்ள கோட்ஹார்ட் அடித்தளச் சுரங்கத்தில் 2010 அக்டோபர் 15-ல் இரு பக்கமும் சந்தித்தபோது, விலகல் பக்கவாட்டில் சுமார் 8 செ.மீ., உயரத்தில் 1 செ.மீ. செயற்கைக்கோள் சமிக்ஞை எட்டாத மலையடியில் இது சாதாரண விஷயமில்லை.

தரை சமன்செய்யும் கிரேடர் வண்டிக்கும் இதே வழிதான். செயற்கைக்கோள் வழியாக இடமறியும் ஜிஎன்எஸ்எஸ் கொண்டு வண்டியை நடத்தினால் உயரத்தில் 2, 3 செ.மீ. ஆட்டம் இருக்கும். மண் வேலைக்கு அது போதும். சாலையின் கடைசி அடுக்குக்கு மில்லிமீட்டர் கணக்கு வேண்டும்போது, வண்டியின் கம்பத்தில் பிரிசத்தை வைத்து ரோபோவைப் பின்தொடர விடுவார்கள்.

கால் முளைத்த ரோபோக்களைப் பற்றி ஒரு பத்தி. பாஸ்டன் டைனமிக்ஸின் ஸ்பாட் என்ற நாலுகால் இயந்திரம் 2020-ல் விற்பனைக்கு வந்தது. அதன் முதுகில் லேசர் ஸ்கேனரை வைத்துக் கட்டடத்துக்குள் நடக்கவிடுகிறார்கள். ஆபத்தான இடத்துக்கும், தினம் ஒரே பாதையில் ஸ்கேன் எடுப்பதற்கும் நல்லது. மற்றபடி கண்காட்சியில் கூட்டம் சேர்க்கும் அளவுக்கு வேலைத்தளத்தில் வேலை செய்வதாக எனக்குத் தோன்றவில்லை. கான்கிரீட் தளத்தில் வரைபடத்தையே அச்சடிக்கும் சிறு சக்கர ரோபோக்களை நான் அதிகம் மதிக்கிறேன். எச்பி 2022-ல் அறிவித்த சைட்பிரின்ட் அதில் ஒன்று. தான் எங்கே இருக்கிறோம் என்று அந்த வண்டிக்குச் சொல்வது யார்? மூலையில் முக்காலி மேல் நிற்கும் ரோபோட்டிக் டோட்டல் ஸ்டேஷன்தான். உள்சுவர், கதவுத் திறப்பு, குழாய்ப் பாதை என்று நூல்பிடித்துச் சுண்ணக்கோடு அடிக்கும் வேலையை அது தின்றுவிடும்.

ட்ரோனைப் பற்றியும் கேட்பீர்கள். பரந்த நிலத்துக்கும் மண் குவியல் கொள்ளளவுக்கும் அதை வெல்ல ஆளில்லை. 20 மெகாபிக்சல் கேமரா வைத்த ஒரு சர்வே ட்ரோன் 100 மீட்டர் உயரத்தில் பறந்தால் படத்தின் ஒரு பிக்சல் தரையில் சுமார் 2.7 செ.மீ. இதை வைத்துச் சுவரின் விளிம்பை மில்லிமீட்டரில் சொல்கிறேன் என்பவரை நம்பாதீர்கள். மரத்தடியும் நீர்ப்பரப்பும் அதற்குச் சிக்கல். படத்தை நிலத்தோடு பொருத்த உதவும் கட்டுப்பாட்டுப் புள்ளிகளைத் தரையில் அளக்க யாராவது ஒருவர் போலோடு போகத்தான் வேண்டும்.

பிழைப்பு பற்றிய கேள்விக்கு மழுப்பாமல் சொல்கிறேன். மூன்று பேர் குழு இரண்டாகும், சில வேலைகளில் ஒன்றாகும். போல் பிடிப்பது மட்டுமே தெரிந்தவருக்கு வேலை குறையும், குறைந்துகொண்டும் இருக்கிறது. கருவியில் குறிபார்ப்பதில் மட்டும் கைதேர்ந்தவருக்கும் அதே நிலைதான். அந்தத் திறமையைத்தான் மோட்டார் வாங்கிக்கொண்டது. ஆனால் எல்லைக்கல் ஒன்று வேலியோரம் சாய்ந்து கிடக்கிறது. அது ஆதியில் நட்ட கல்லா, பிறகு யாரோ நகர்த்தி வைத்ததா? கல்லின் ஆயத்தொலைவை ரோபோ அரை விநாடியில் தரும். அது அசல் கல்தானா என்று பழைய பதிவையும் பக்கத்து நிலத்துக் கல்லையும் மண்ணின் தடயத்தையும் ஒப்பிட்டுச் சொல்வது நீங்கள். டிராவர்ஸ் (புள்ளிக்குப் புள்ளி தொடர்ச்சியாக அளந்து போவது) மூடும் பிழையைப் பங்கிடுவது, கட்டுப்பாட்டுப் புள்ளியைச் சந்தேகிப்பது, பிழைகளைக் கணிதப்படி பகிர்ந்தளிக்கும் லீஸ்ட் ஸ்கொயர் சரிக்கட்டலைப் படித்துப் புரிந்துகொள்வது ஆகியவற்றில் இப்போதே கை வைத்துவிடுங்கள். மூன்று வருட அனுபவத்துக்குப் பிறகும் கருவி காட்டும் எண்ணை அப்படியே எழுதிக்கொள்பவராக இருந்தால், அந்த இடம்தான் முதலில் பறிபோகும்.

வாங்கும் யோசனை இருந்தால், முதலில் ஒரு வாரம் வாடகைக்கு எடுங்கள். உங்களுக்குத் தெரிந்த புள்ளிகள் உள்ள இடத்திலேயே ஓட்டிப் பாருங்கள். ரேடியோ இணைப்பு எத்தனை மீட்டரில் தடுமாறுகிறது, கம்பி கட்டிய தளத்துக்கு நடுவே எத்தனை முறை லாக் போகிறது, மதிய வெயிலில் டேப்லெட் திரை படிக்கும்படி இருக்கிறதா, ஒரு பேட்டரி எத்தனை மணி தாங்குகிறது என்பதையெல்லாம் விளம்பரத் தாளில் படித்துத் தெரிந்துகொள்ள முடியாது. ஒரு சோதனை கட்டாயம் செய்யுங்கள். 360 பாகைப் பிரிசத்தை 50 மீட்டரில் ஒரு முக்காலி மேல் அசையாமல் பொருத்தி, 30 பாகை திருப்பித் திருப்பிப் 12 முறை அளந்து, வரும் ஆயத்தொலைவுகளை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். எண்கள் சில மி.மீ. ஆடும். எவ்வளவு ஆடுகிறது என்று பார்த்துவிட்டு விலை பேசப் போங்கள்.